7-ஐ 1 வீழ்த்துவது எப்படி? ‘மேஜிக்’ கார்டு விளையாட்டில் திறன்கள் மோதினால் என்ன நடக்கும்?

மண்டைக்காடு மாசிக் கொடை மாதிரியான திருவிழாக்களுக்குப் போய், கடையில் டிரம்ப் கார்டு வாங்கி விளையாடிய தலைமுறைக்கு ஒரு விதி மனப்பாடம். எண் பெரிசா இருந்தா ஜெயிச்சோம், எதிராளி கார்டு நமக்கு. அதே கணக்கோடு ‘மேஜிக்: தி கேதரிங்’ விளையாட உட்கார்ந்தால் தோற்பது உறுதி. இதில் 7 பலம் கொண்ட டிராகனை 1 பலம் கொண்ட பாம்பு கொன்றுவிடும். எப்படி?

என்ன விளையாட்டு இது?

அமெரிக்கக் கணித வல்லுநர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கிய விளையாட்டு. 1993-ல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வெளியிட்டது. கார்டுகளைச் சேர்த்து, நண்பர்களோடு மாற்றி, நமக்கான கட்டை நாமே அமைக்க வேண்டும். ‘மேஜிக் அரீனா’ என்ற பெயரில் 2021 முதல் செல்போனிலும் கிடைக்கிறது. அதனால் கார்டு கடை இல்லாத ஊரில் இருந்தும் விளையாடலாம்.

அடிப்படைக் கணக்கு

வழக்கமான ஆட்டத்தில் ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள். உயிரினக் கார்டில் 3/2 என்று இருந்தால், 3 என்பது அடிக்கும் பலம், 2 என்பது தாங்கும் சக்தி.

தாக்குவது நாம். எதை வைத்துத் தடுப்பது, தடுக்கவே வேண்டாமா என்று முடிவெடுப்பது எதிராளி. தடுத்தால் இரண்டு உயிரினங்களும் ஒரே நேரத்தில் அடித்துக்கொள்ளும். தடுக்காவிட்டால் அடி நேராக எதிராளியின் உயிர்ப் புள்ளிகளில் விழும்.

இந்தக் கணக்கை மாற்றுவதுதான் திறன்களின் வேலை. முக்கியமானவை மூன்று.

ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்: இது ‘எப்போது அடி?’ என்பதை மாற்றும். சிலம்பத்தில் நீளக் கம்பு வைத்திருப்பவர் மாதிரி, முதல் அடி இதற்குத்தான். அதிலேயே எதிரி செத்துவிட்டால் திருப்பி அடிக்க ஆள் இல்லை.

டெத்டச்: ‘எவ்வளவு அடி போதும்?’ என்பதை மாற்றும். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு வர்மம் என்றால் புரியும். பலம் முக்கியமில்லை, பட்டாலே போதும். உயிரினத்தின் மீது 1 புள்ளி சேதம் விழுந்தாலும் அது காலி. பாம்பு டிராகனைக் கொன்றது இப்படித்தான். ஆனால் டிராகனின் அடியும் அதே நேரத்தில் விழுவதால் பாம்பும் சாகும்.

டிராம்பிள்: ‘மிச்ச அடி எங்கே போகும்?’ என்பதை மாற்றும். கடல் தடுப்புச் சுவரைத் தாண்டி வரும் அலை ஊருக்குள் வருகிற மாதிரி, தடுத்த உயிரினத்தைக் கொல்லத் தேவையானது போக மீதி சேதம் எதிராளிக்குப் போகும்.

சரி, இரண்டு திறன் சேர்ந்தால்?

ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் + டெத்டச்: முதலில் அடிக்கும், பட்டாலே கொல்லும். 1/1 பாம்புக்கு இந்த இரண்டும் கிடைத்தால் டிராகன் சாகும், பாம்புக்குக் கீறல்கூட விழாது. டிராகனுக்கும் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக் இருந்தால் மட்டும் இரண்டும் சாகும்.

டெத்டச் + டிராம்பிள்: 6 பலம் கொண்ட உயிரினத்தை, 5 தாங்கும் ஒன்று தடுக்கிறது. டிராம்பிள் மட்டும் இருந்தால் 5 அங்கே, மீதி 1 எதிராளிக்கு. டெத்டச்சும் இருந்தால்? கொல்ல 1 போதும், மீதி 5 எதிராளிக்கு. இரண்டு பேர் சேர்ந்து தடுத்தாலும் ஆளுக்கு 1, மீதி 4 எதிராளிக்கு.

டபுள் ஸ்ட்ரைக்: முதலில் ஒரு அடி, பிறகு எல்லோரும் அடிக்கும்போது இன்னொரு அடி. இங்கேதான் சண்டையே வரும். தடுத்த உயிரினம் முதல் அடியில் செத்துவிட்டது. இரண்டாவது அடி எதிராளிக்குப் போகுமா? போகாது. தடுத்தவர் செத்தாலும், ஒருமுறை தடுக்கப்பட்டால் தடுக்கப்பட்டதுதான். டிராம்பிளும் சேர்ந்து இருந்தால் மட்டுமே இரண்டாவது அடி முழுசாக எதிராளிக்குப் போகும்.

லைஃப்லிங்க்: எவ்வளவு சேதம் செய்கிறதோ அவ்வளவு உயிர்ப் புள்ளி நமக்கு. 5 பலம் கொண்ட உயிரினத்தை வெறும் 1/1 தடுத்தாலும் நமக்கு 5 ஏறும்.

இதற்கெல்லாம் மசியாதது ‘இன்டெஸ்ட்ரக்டிபிள்’. அழிக்கவே முடியாத உயிரினம் என்பதால் டெத்டச்சும் அதைக் கொல்லாது.

பெற்றோர் கவனத்துக்கு

புதிய கார்டு பாக்கெட்டைப் பிரிக்கும்வரை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ‘அரீனா’ செயலி இலவசம்தான், ஆனால் உள்ளே காசு கொடுத்து பாக்கெட் வாங்கும் வசதி உண்டு. பெரிய எண் கிடைக்கும்வரை வாங்கிக்கொண்டே இருந்தால் பர்ஸ்தான் காலியாகும். செல்போனில் பணம் செலுத்த பாஸ்வேர்டு கேட்கும்படி வைத்துவிடுங்கள்.

‘இன்னொரு பாக்கெட் வேணும்’ என்று பிள்ளை கேட்டால், கையில் இருக்கும் கார்டுகளை வைத்து இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எது முதலில் அடிக்கும்? எவ்வளவு அடித்தால் சாகும்? மிச்சம் எங்கே போகும்? பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு, யாரும் சீண்டாத 1/1 பாம்பே போதும்.