பின்னணிப் பணிகள்: ஏன், எப்படி?

சம்பளக் கணக்கீடு, கையிருப்புத் திட்டமிடல் போன்ற வேலைகள் ஏராளமான பதிவுகளைப் படித்து எழுதுவதால், அவற்றைப் பகலில் திரையிலிருந்தே இயக்கினால் பிறருடைய வேலையும் தடைப்படுகிறது. ஆகவே ஜெர்மனியின் எஸ்ஏபி மென்பொருள், இவற்றுக்கெனத் தனியான பின்னணிச் செயல்முறைகளை ஒதுக்குகிறது. எஸ்எம்36 என்னும் திரையில் இயக்க வேண்டிய நிரலும், அதற்குரிய உள்ளீடுகளின் சேமித்த தொகுப்பான 'வேரியன்ட்'டும், தொடங்கும் நிபந்தனையும் வரையறுக்கப்படுகின்றன. நேரம் வந்தாலும் காலியான செயல்முறை இல்லையெனில் பணி காத்திருக்கும். எனவே குறித்த நேரம் உறுதியான தொடக்க நேரம் அன்று.

இதனால், ஒரு பணியின் முடிவைச் சார்ந்த மற்றொரு பணியை வெறும் கடிகார நேரப்படி அமைப்பது ஆபத்தானது: தரவு பெருகி முதற்பணி நீளும் நாளில், இரண்டாவது பணி அரைகுறைத் தரவின்மேல் ஓடிவிடும். முந்தைய பணி முடிந்ததையே நிபந்தனையாக்குவது சரியான வழி.

எஸ்எம்37 திரை, பணி எப்போது ஓடியது, எங்கே முறிந்தது என்பதைக் காட்டும். ஆனால் அந்தப் பணி எதற்காக உள்ளது, பொறுப்பாளர் யார், பாதியில் நின்றால் மீண்டும் இயக்கலாமா என்பவற்றைப் பணிக்கென எழுதிவைக்கும் ஆவணம்தான் சொல்ல வேண்டும். இவற்றுள் கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. ஏனெனில் பணப் பரிமாற்றக் கோப்பை உருவாக்கும் பணியை யோசிக்காமல் மறுபடி இயக்கினால் ஒரே தொகை இருமுறை செல்லக்கூடும். பணி எந்தப் பயனர் கணக்கின் அதிகாரத்தில் ஓடுகிறது என்பதும் எழுதப்பட வேண்டும். வேலையை விட்டு விலகிய ஊழியரின் கணக்கு நீக்கப்பட்டால், அதன் பெயரில் ஓடிய பணிகளும் தோல்வியுறும்.