நெஞ்சுக்குள் எஃகுப் பட்டை! ஆபரேஷன் வலி தீர வழி என்ன?

மூச்சு விட்டால் வலி. இருமினால் வலி. சிரித்தால்கூட வலி!

நெஞ்சில் குழி விழுந்த பையன்களுக்கு ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரி இப்படித்தான் இருக்கும். இந்த வலியை அடக்க டாக்டர்கள் பல வழிகள் வைத்து இருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் லாபம் உண்டு. தொல்லையும் உண்டு.

குழி விழுவது ஏன்?

சிலருக்குப் பிறவியிலேயே நடு நெஞ்செலும்பு உள்ளே அமுங்கி இருக்கும். பெண்களைவிட ஆண்களுக்கே இது அதிகம். 13, 14 வயதில் பையன் மளமளவென்று வளரும்போது குழியும் ஆழமாகிவிடும். சட்டையைக் கழற்ற வெட்கப்படுவான். குழி ரொம்ப ஆழமானால் இருதயத்தையும் நுரையீரலையும் அமுக்கும். ஓடினால் மூச்சு வாங்கும்.

முன்பெல்லாம் நெஞ்சின் முன்பக்கத்தைக் கீறி, குருத்தெலும்பை வெட்டி எடுப்பார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் நார்போக் நகரைச் சேர்ந்த குழந்தைகள் டாக்டர் டொனால்டு நஸ், 1987-ம் ஆண்டு புது வழி கண்டார். அவர் எலும்பை வெட்டவில்லை. விலாவின் இரு பக்கமும் சின்னதாகக் கீறி, வளைந்த எஃகுப் பட்டையை நெஞ்செலும்புக்கு அடியில் நுழைத்தார். பிறகு பட்டையைத் திருப்பினார். அமுங்கிய எலும்பு மேலே எழும்பியது!

பட்டை 2, 3 வருஷம் உள்ளேயே இருக்கும். பிறகு எடுத்து விடுவார்கள்.

தழும்பு சிறிது, வலி பெரிது!

15 வருஷம் உள்ளே வளைந்து வளர்ந்த எலும்பை ஒரே நாளில் நிமிர்த்தினால் சும்மா இருக்குமா? வலிக்குப் பயந்து பையன் நன்றாக மூச்சு இழுக்க மாட்டான். இரும மாட்டான். சளி தேங்கும். நுரையீரலில் கிருமி புகும். ஆகவே வலியை அடக்குவது சொகுசு அல்ல. அதுவும் வைத்தியம்தான்.

முதுகில் மெல்லிய குழாய்

வெகு காலமாக இருந்து வரும் வழி இது. முதுகெலும்புக்குள், தண்டுவடத்தின் உறைக்கு வெளியே, மெல்லிய குழாய் வைப்பார்கள். மரத்துப்போகும் மருந்து அதன் வழியாக இறங்கும். முதல் 2, 3 நாள் நன்றாகக் கேட்கும். ஆனால் அரிப்பு, வாந்தி, ரத்த அழுத்தம் குறைவது, சிறுநீர் வராமல் தவிப்பது ஆகிய தொல்லைகள் வரலாம். குழாயை எடுத்த அன்று வலி மறுபடி தலைதூக்கும்.

கையில் பட்டன்

வலித்தால் நோயாளியே பட்டனை அமுக்கலாம். மார்பின் மருந்து ரத்தத்தில் ஏறும். அடிக்கடி அமுக்கினாலும் குறித்த அளவுக்கு மேல் மெஷின் கொடுக்காது. தூக்கம், குமட்டல், மலச்சிக்கல் வரும்.

இதில் ஒரு எச்சரிக்கை! "பாவம், புள்ள தூங்குது. எழுந்தா வலிக்குமே" என்று அம்மா பட்டனை அமுக்கக் கூடாது. தூங்குகிறவன் பட்டனை அமுக்க மாட்டான். அதுதான் இதில் உள்ள பாதுகாப்பு. வேறொருவர் அமுக்கினால் மருந்து அதிகமாகி மூச்சே அடங்கிவிடலாம்.

நரம்பை உறைய வைக்கும் முறை

மார்பின் வகை மருந்துகள் பழகினால் விடாது. அமெரிக்காவில் 2021-ம் ஆண்டில் மட்டும் போதை மருந்துகள் அளவு மீறி ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது இந்த வகைதான். இதனால் டாக்டர்கள் வேறு வழி தேடினார்கள்.

ஆபரேஷன் நடக்கும்போதே விலா எலும்புக்குக் கீழே ஓடும் நரம்புகளைக் கடும் குளிரில் உறைய வைக்கிறார்கள். குளிர், பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 60, 70 டிகிரி! ஒரு நரம்புக்கு 2 நிமிஷம். டெலிபோன் வயரில் உள்கம்பி அறுந்து, மேலுறை அப்படியே இருப்பது போலத்தான் இது. உறை இருப்பதால் நரம்பு சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடும். அதுவரை வலிச் செய்தி மூளைக்குப் போகாது.

சான்பிரான்சிஸ்கோவில் 20 பேரை இரண்டு பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. முதுகில் குழாய் வைத்தவர்கள் 5 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். நரம்பை உறைய வைத்தவர்கள் 3 நாளில் வீடு திரும்பினார்கள்!

இதிலும் குறை உண்டு. ஆபரேஷன் நேரம் கூடும். பலன் தெரிய ஒரு நாள் ஆகலாம். அந்த ஒரு நாளைச் சமாளிக்க மரப்பு ஊசி போடுகிறார்கள். நெஞ்சுத் தோல் மாதக்கணக்கில் மரத்து இருக்கும். அங்கே சூடு பட்டாலும் தெரியாது. சிலருக்கு, முக்கியமாக வயது வந்தவர்களுக்கு, நரம்பு வளரும்போது எரிச்சல் வரலாம்.

எந்த வழியானாலும் பாராசிட்டமால் கூட உண்டு. வலி வரட்டும் என்று காத்திராமல் டாக்டர் சொன்ன மணிக்குக் கொடுக்க வேண்டும்.

"எங்க பையனுக்கு எந்த வழி? வேலை செய்யலைன்னா அடுத்தது என்ன? வீட்டுக்கு என்ன மாத்திரை, எத்தனை நாள்?" ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன்பே பெற்றோர் இந்த மூன்றையும் கேட்டுவிட வேண்டும். நடுராத்திரி பையன் துடிக்கும்போது கேட்டுப் பயன் இல்லை!