பாவிகளின் தோழர்

பொருட்பாலில் நட்பைப் பற்றி ஐந்து அதிகாரங்களைத் தொடர்ந்து வைத்த வள்ளுவர், ஆராயாமல் எவரோடும் நட்புக் கொள்ளலாகாது என்கிறார். தீயோர் நட்பை விலக்குக என்கிறார். கிறித்தவ சமயமோ இயேசு பெருமானைப் பாவிகளின் நண்பர் என்றே போற்றுகிறது. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்?

இவ்வினாவை எழுப்ப நம் அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியைவிடத் தக்க இடமில்லை. 1680ஆம் ஆண்டு இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் கொள்ளிடத்தின் வடபால் உள்ள இவ்வூரில் பல்லாண்டுகள் தங்கினார். இதற்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, அடைக்கல அன்னைக்குக் கோவில் அமைத்து, கலம்பகமும் பாடினார். கத்தோலிக்கர் மரியன்னையைப் பாவிகளின் அடைக்கலம் என்று வேண்டுவர். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தவரும் இம்முனிவரே. ஆக, வள்ளுவரின் நட்பாராய்தலும் பாவிகளுக்குரிய அடைக்கலமும் அவர் ஒருவரிடமே கூடியிருந்தன.

பாவிகளின் நண்பன் என்பது முதலில் புகழுரை அன்று. பகைவர் சொன்ன பழிச்சொல். அக்காலப் பாலத்தீனத்தில் ஆயக்காரர் எனப்பட்ட வரி வசூலிப்போர், உரோமை ஆட்சிக்குத் துணைபோயினர்; உரியதற்கு மேலும் பறித்தனர். அவர்களோடு இயேசு பந்தியில் அமர்ந்தார். யார் வீட்டில் கை நனைக்கலாம், யார் வீட்டில் நனைக்கலாகாது என்று கணக்குப் பார்க்கும் நம் ஊர்களுக்கு அச்செயலின் கனம் நன்கு விளங்கும்.

எரிகோ நகரத்துச் சக்கேயு, வரி வசூலிப்போரின் தலைவன், குள்ளமானவன். கூட்டத்தில் இயேசுவைக் காண இயலாமல் மரத்தில் ஏறினான். அவரோ அண்ணாந்து நோக்கி, அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அன்று அவன் வீட்டில் தங்கப் போவதாகக் கூறினார். பறித்ததைத் திருப்பிக் கொடு, பிறகு வருகிறேன் என்று அவர் நிபந்தனை இடவில்லை. ஆயினும் சக்கேயு தானாகவே தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்புவதாகவும் வாக்களித்தான். நட்பு முந்தியது, திருந்தல் பிந்தியது.

இது பாவத்திற்கு உடன்படுவதாகாதா? ஆகாது. நோயாளிக்கே மருத்துவன் தேவை என்பது இயேசுவின் விடை. மருத்துவன் நோயாளியைத் தேடிச் செல்வது நோயை விரும்பியன்று. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணை அவர் தண்டிக்கவில்லை. இனிப் பாவம் செய்யாதே என்று சொல்லவும் தவறவில்லை. அழிவினின்று விலக்கி, நல்வழியில் நடத்தி, துன்பத்தில் உடன் துன்புறுவதே நட்பு என்று வள்ளுவரும் கூறுகிறார் அன்றோ? தீ நட்பை அவர் விலக்கச் சொன்னது நாம் கெடாதிருக்க. இயேசு பாவியை நாடியது அவன் மீள. இரண்டும் முரணல்ல என்பதே என் கருத்து.

எல்லாரும் மீண்டனர் என்று நற்செய்தி நூல்கள் கூறவில்லை. காட்டிக் கொடுக்க வந்த யூதாசையும் இயேசு தோழன் என்றே விளித்ததாக மத்தேயு எழுதுகிறார். ஏமாற்றப்படலாம் என்று அறிந்தும் நீட்டிய கை அது.

தேர்வில் பார்த்தெழுதிப் பிடிபட்டவனையும், குடியில் வீழ்ந்தவனையும், சிறை சென்று மீண்டவனையும் நோக்கி, திருந்தி வா, பிறகு பேசலாம் என்கிறோம் நாம். பேசுவோர் இல்லாதவன் எவ்வாறு திருந்துவான்? நண்பர்களே, எம்மதத்தவராயினும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.