மூணாம் கிளாசுக்கு எதுக்கு இதெல்லாம்?

எங்கள் பக்கத்து வீட்டுச் சிறுமி, மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அன்று பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக, 'அத்தை... தீயணைக்கிற வண்டியில பொம்பளைங்களும் போவாங்களாம். எங்க கிளாஸ் டி.வி.,யில பேசினாங்க...' என்று குதித்தாள்.

அவள் வகுப்பு ஆசிரியை, மாதம் ஒருமுறை, ஏதாவது ஒரு வேலை பார்ப்பவரை வீடியோ காலில் அழைத்து, பிள்ளைகளோடு பேச வைக்கிறாராம். அரை மணி நேரம் தான். ஆளுக்கொரு கேள்வியை, முதல் நாளே நோட்டில் எழுதி வர வேண்டும். 'புகையில எப்படி மூச்சு விடுவீங்க, ராத்திரி டூட்டின்னா உங்க பாப்பாவை யாரு பார்த்துப்பாங்க?' என, துளைத்து எடுத்து விட்டனராம்.

இதைக் கேட்ட அவள் பாட்டி, 'மூணாம் கிளாசுக்கு எதுக்கு இதெல்லாம்... அதுவும் பொம்பளப் புள்ளைக்கு!' என்று அலுத்துக் கொண்டார்.

ஆனால், இந்த வயதில் தான் அது தேவை. கடந்த 2016ல், இங்கிலாந்தில் ஒரு வகுப்பில், 5 முதல் 7 வயது வரையுள்ள பிள்ளைகளிடம், தீயணைப்பு வீரர், அறுவை சிகிச்சை டாக்டர், போர் விமானி ஆகியோரை வரையச் சொன்னார்கள். வந்த, 66 படங்களில், 61ல் ஆண்கள். ஐந்தில் மட்டுமே பெண்கள். பிறகு, அதே வேலைகளைச் செய்யும் மூன்று பெண்கள் உள்ளே வர, பிள்ளைகள் வாயடைத்துப் போயினர்.

நம்மூரில் மட்டும் ஆள் இல்லையா? 2012ல், சென்னை எழிலகம் தீ விபத்தில், உயிரைப் பொருட்படுத்தாமல் போராடி, பலத்த காயமடைந்த தீயணைப்பு அதிகாரி பிரியா ரவிச்சந்திரனும், பெண் தானே!

இன்னொரு ஆய்வு, 2018ல் வெளியானது. 20 நாடுகளைச் சேர்ந்த, 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள், தாங்கள் செய்ய விரும்பும் வேலையை வரைந்தனர். பள்ளிக்கு வந்து பேசியவர் மூலம் அந்த வேலையை அறிந்தவர்கள், நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. வீட்டிலும், டி.வி.,யிலும் பார்த்தது தான் அவர்களுக்கு உலகம்.

வீடியோ காலுக்கு பஸ் செலவில்லை, தூரமும் தடையில்லை. 2025 ஜூலையில், விண்வெளி நிலையத்தில் இருந்தபடியே, நம் நாட்டு வீரர் சுபான்ஷு சுக்லா, திருவனந்தபுரம், லக்னோ மாணவர்களுடன் பேசினார். 'அங்கே தரையும், கூரையும் கிடையாது, சுவரிலும் தூங்கலாம்...' என்று அவர் சொன்னதை, பிள்ளைகள் மறப்பார்களா?

தோழியரே... இதற்கு விண்வெளி வீரர் தான் வேண்டும் என்பதில்லை. நர்ஸ், லைன்மேன், கால்நடை டாக்டர், கப்பலில் வேலை பார்ப்பவர் என, நம் சொந்தபந்தத்திலேயே எத்தனை பேர்! அவர்களைப் பற்றி, ஆசிரியையிடம் சொல்லி வையுங்கள். ஆசிரியை உடனிருக்கும்போது, பள்ளி போனில் மட்டுமே பேச்சு நடக்கட்டும். பேசுபவர், அறிவுரையைக் குறைத்து, தன் கருவிகளை எடுத்துக் காட்டட்டும். இரண்டு பேரில் ஒருவராவது, பெண்ணாக இருக்கட்டும்.

ஒரு வேலை இருப்பதே தெரியாத பிள்ளை, அதற்கு ஆசைப்படுவது எப்படி?

— ஒரு வாசகி, விருதுநகர்.