ஒரே ஆட்டம், இரண்டு விலை



சில திங்களுக்கு முன்பு, என்னிடம் முன்னாளில் பயின்றவரும் இன்று மின்னணுக் கருவிகளைப் பழுது பார்த்துப் பிழைப்பவருமான இளைஞர் ஒருவர் என் இல்லத்துக்கு வந்தார். செங்கல்லைப் போன்ற இரண்டு பிளாஸ்டிக் பேழைகளை மேசைமீது வைத்தார். ஒன்று புத்தம் புதியது போலப் பளபளத்தது. மற்றொன்று மூலை தேய்ந்து, மேலே ஒட்டிய தாள் கிழிந்து, அழுக்கேறிக் கிடந்தது. "ஐயா! இந்த ஒன்றின் விலைக்கு அந்த வகையில் பல வாங்கலாம். ஆயினும் இரண்டிலும் இருப்பது ஒரே ஆட்டந்தான். இஃது எப்படி?" என்று வினவினார். மாணவர் வினவ, ஆசிரியர் விழிப்பது புதிதன்று. நல்வாய்ப்பாக, விடையையும் அவரே கூறினார். அவர் கூறியதையும், பின்னர் நான் தேடி அறிந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

ஜப்பான் நாட்டில் ஓசாகாவைச் சார்ந்த எஸ்.என்.கே. என்னும் நிறுவனம், 1990-ஆம் ஆண்டில் நியோ ஜியோ என்னும் வீடியோ விளையாட்டு அமைப்பை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் விளையாட்டுக் கூடங்களில், அதற்கு முன்னர்ப் பெரும்பாலும் ஒரு பொறிக்கு ஓர் ஆட்டம் என்பதே வழக்கம். ஆட்டம் மக்களுக்குச் சலித்துவிட்டால், உரிமையாளர் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகை முழுவதையும் மாற்ற வேண்டும். அது செலவு மிக்க வேலை. நியோ ஜியோவோ, பொறியை நிலையாக வைத்து, ஆட்டத்தை மட்டும் ஒரு கார்ட்ரிட்ஜில் அடக்கியது. பழையதை உருவிப் புதியதைச் செருகினால் போதும். ஒரே பெட்டியில் ஆறு கார்ட்ரிட்ஜ்கள் வரை செருகத்தக்க வகைகளும் இருந்தன. கூடங்களுக்குரிய இவ்வமைப்புக்கு எம்.வி.எஸ். என்று பெயர்.

அதே நிறுவனம், அதே ஆட்டங்களை வீட்டிலிருந்தே ஆடுவதற்காக ஏ.இ.எஸ். என்னும் கன்சோலையும் செய்தது. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அக்காலத்து வீட்டுக் கன்சோல்கள் பலவும், கூடத்து ஆட்டத்தைத் தம் ஆற்றலுக்கேற்பக் குறுக்கிக் காட்டின. நியோ ஜியோவில் அவ்வாறன்று. இரண்டிலும் மோட்டரோலா 68000 என்னும் ஒரே மையச் செயலி. இரண்டிலும் ஒலிக்கெனத் துணை நிற்கும் இசட்-80 செயலி. இரண்டிலும் யமஹா நிறுவனத்தின் ஒரே ஒலிச் சில்லு. கூடத்தில் பாதி ஆடிய ஆட்டத்தை ஒரு சிறு நினைவக அட்டையில் பதித்துக்கொண்டு வந்து வீட்டில் தொடரலாம் என்னும் அளவுக்கு இரண்டும் உடன்பிறந்தவை.

அங்ஙனமாயின் விலை ஏன் மாறுபட்டது? 1991-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் சூப்பர் நின்டென்டோ என்னும் கன்சோல் 199 டாலருக்கு விற்றது. நியோ ஜியோவின் உயர்ந்த தொகுதி ஏறத்தாழ 650 டாலர். அதன் ஆட்டம் ஒன்றே ஏறத்தாழ 200 டாலர். அதாவது, ஓர் ஆட்டத்தின் விலைக்கு மற்றொரு நிறுவனத்தின் கன்சோலையே வாங்கிவிடலாம்! இதற்குப் பெருங்காரணம், கார்ட்ரிட்ஜினுள் அடங்கிய நினைவகச் சில்லுகளின் மிகுதி. ஓர் ஆட்டம் 100 மெகா உடையது என்று விளம்பரம் செய்தால், அது 100 மெகாபிட் என்று பொருள். எட்டுப் பிட் கொண்டது ஒரு பைட். எனவே, எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட் ஆகும். இன்று இது கைப்பேசிப் படங்கள் சிலவற்றின் அளவே. அன்று அத்துணை நினைவகம் விலை மிக்க பொருள்.

கூடத்து உரிமையாளர் அவ்விலையைக் கொடுத்தாலும், நாள்தோறும் விழும் காசுகளால் அதனை மீட்டுக்கொள்வார். குடும்பத் தலைவருக்கு அந்த வழி இல்லை. ஆகவே, கூடத்துக் கார்ட்ரிட்ஜ்கள் மிகுதியாகவும், வீட்டுக் கார்ட்ரிட்ஜ்கள் குறைவாகவும் வெளிவந்தன. 1997-ஆம் ஆண்டில் வீட்டுக் கன்சோலின் உற்பத்தி நின்றது. 2001-இல் நிறுவனமே நொடித்தது. அதன் பின்னரும் 2004 வரை புதிய ஆட்டங்கள் வெளிவந்தன. கூடங்கள் மூடப்பட மூடப்பட, அவற்றின் கார்ட்ரிட்ஜ்கள் பழம்பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன. பெட்டியும் விளக்க நூலும் இன்றி, கீறலும் கறையுமாக வந்தமையால் சேகரிப்பாளர் பலர் அவற்றை விரும்பவில்லை. வீட்டுக் கார்ட்ரிட்ஜ்களோ அழகிய உறையோடு சிலவே எஞ்சின. 1996-இல் வந்த மெட்டல் ஸ்லக் என்னும் ஆட்டத்தின் வீட்டுப் பதிப்பு, இன்று பல ஆயிரம் டாலர் பெறும். கூடத்துப் பதிப்பு அதில் ஒரு சிறு பங்கே பெறும். ஆட்டம் வேறன்று, அருமையே விலையாகிறது.

இனி, குறைந்த விலையுள்ள கூடத்துக் கார்ட்ரிட்ஜை வீட்டுக் கன்சோலில் நேரே செருகலாமோ எனின், இயலாது. இரண்டிலும் ஒரு கார்ட்ரிட்ஜுக்கு இரண்டு மின்சுற்றுப் பலகைகள் உள்ளன. ஒன்று படங்களையும், மற்றொன்று ஆட்டத்தின் நிரலையும் பதிவு செய்த ஒலிகளையும் தாங்குவன. ஆனால் பேழையின் வடிவும், விளிம்பிலுள்ள மின்தொடுமுனைகளின் வரிசையும் வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை ஈடு செய்வதே கன்வெர்ட்டர் என்னும் மாற்றி. அதன் அடிப்பாகம் வீட்டுக் கன்சோலில் பொருந்தும். மேற்பாகம் கூடத்துக் கார்ட்ரிட்ஜை ஏற்கும். இடையில் கம்பி இணைப்புகள் மட்டுமன்றி, மின்குறிகளை ஒழுங்குபடுத்தும் சில்லுகளும் இருக்கும். ஒரு மொழியில் கேட்டு மற்றொரு மொழியில் உரைக்கும் துபாஷியின் தொழிலை அது செய்கிறது.

"கூடத்து ஆட்டம் வீட்டிலும் காசு கேட்குமோ?" என்று நீங்கள் ஐயுறலாம். கேட்பதில்லை. கன்சோலினுள் நிலையாகப் பதிந்துள்ள அடிப்படை நிரல் ஒன்று, 'இது கூடம்' அல்லது 'இது வீடு' என்று ஆட்டத்துக்கு அறிவிக்கும். பெரும்பாலான ஆட்டங்களில் இருவகை நடைமுறைகளும் எழுதப்பட்டே இருக்கும். கூடமாயின் காசுக்குக் காத்திருக்கும். வீடாயின் ஆடுவோர் தேர்ந்தெடுக்க வேண்டியவற்றைத் திரையில் காட்டும். ஒரே மாணவன் பள்ளியில் ஒருவாறும் வீட்டில் ஒருவாறும் நடந்துகொள்வது போன்றது இது.

எனினும், மலிவு என்று கேட்டவுடன் பையைத் திறந்துவிடுதல் கூடாது. கணக்குப் பார்த்தல் வேண்டும். மாற்றியின் விலையை, இருவகைக் கார்ட்ரிட்ஜ்களின் விலை வேறுபாட்டால் வகுத்துப் பாருங்கள். கணக்குக்காக, மாற்றி 300 டாலர் என்றும், ஓர் ஆட்டத்தில் மிச்சம் 100 டாலர் என்றும் கொள்வோம். மூன்று ஆட்டங்களில் போட்ட முதல் திரும்பும்; நான்காம் ஆட்டத்திலிருந்தே ஆதாயம். ஓர் ஆட்டம் மட்டும் ஆட விரும்புவோனுக்கு, அதுவும் வேறுபாடு குறைந்த எளிய ஆட்டமாயின், மாற்றியே வீண் செலவு. பல ஆட்டங்களை விரும்புவோனோ, மாற்றியைத் தரம் பார்த்து வாங்க வேண்டும். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்தல் ஆகாது. தரமற்ற மாற்றியால் படம் சிதையும், ஆட்டம் இடையே நிற்கும். பிற்காலத்து ஆட்டங்கள் சில இயங்காமலும் போகலாம்.

வேறு சில எச்சரிக்கைகளும் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கார்ட்ரிட்ஜைச் செருகவும் எடுக்கவும் வேண்டும். தொடுமுனைகளில் வாயால் ஊதுதல் தவறு. மூச்சிலுள்ள ஈரம் உலோகத்தை அரிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர்ந்த பின் செருகுதல் நலம். நியோ ஜியோ கன்சோல்களில் முற்பட்டவை 5 வோல்ட்டிலும், பிற்பட்ட சில 9 வோல்ட்டிலும் இயங்குவன. அடியில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் வேறொன்றன் மின்னிணைப்பைக் கொடுத்தால், சிக்கனம் தேடியவன் கன்சோலையே இழப்பான்.

இனி, அவ்விளைஞர் என்னை நாடி வந்த உண்மைக் காரணத்துக்கு வருகிறேன். பளபளத்த அந்த வீட்டுக் கார்ட்ரிட்ஜை, ஒருவர் பெரும்பொருள் கொடுத்து வாங்கி, சரிவர இயங்கவில்லையென்று அவரிடம் பழுது பார்க்கத் தந்திருந்தார். திறந்து பார்த்தபோது, கூடத்துக் கார்ட்ரிட்ஜின் சில்லுகளைப் பெயர்த்தெடுத்து, விலை குறைந்த வேறொரு வீட்டு ஆட்டத்தின் பலகையில் பற்றவைத்து, புதிய தாள் ஒட்டி, அசல் என்று விற்றிருப்பது தெரிந்தது. அப்போலியைச் செய்வதற்காக, நல்ல நிலையில் இருந்த இரண்டு கார்ட்ரிட்ஜ்கள் அழிக்கப்பட்டன. "பழுதை மட்டும் நீக்கிக் கொடுத்துவிட்டால் எனக்குக் கூலி கிடைக்கும்; அவரும் மகிழ்வார். உண்மையைச் சொன்னால் அவர் மனம் உடையும். என் செய்வது, ஐயா?" என்று கேட்டார்.

சொல்லத்தான் வேண்டும் என்றேன். அறியாமல் அவர் அதனை மற்றொருவருக்கு விற்பாராயின், பொய் இரண்டாம் முறையும் விலைபோகும் அன்றோ? இளைஞர் அவ்வாறே செய்தார். உரியவர் முதலில் சினந்தார். பின்னர், விற்றவரிடம் வாதாடிப் பொருளில் பெரும்பகுதியை மீட்டார். இப்போது அவரிடம் ஒரு மாற்றியும், மூலை தேய்ந்த கூடத்துக் கார்ட்ரிட்ஜ்கள் ஐந்தும் உள்ளனவாம். மாற்றியின் சிறப்பு விலைக் குறைவு மட்டுமன்று. அஃது எதனையும் பெயர்ப்பதில்லை, எதனையும் அழிப்பதில்லை. கழற்றினால், கார்ட்ரிட்ஜும் கன்சோலும் முன்போலவே இருக்கும்.

மாணவர்களே! ஒரு பொருளுக்கு மிகுந்த விலை கேட்கப்படும்போது, அவ்விலை உள்ளிருப்பதற்கோ, உறைக்கோ, அருமைக்கோ என்று பிரித்துப் பாருங்கள். அழகிய உறையையும் அருமையையும் விரும்பி ஒருவர் பொருள் கொடுத்தால் அது குற்றமன்று. ஆனால் எதற்குக் கொடுக்கிறோம் என்பதை அறிந்தே கொடுத்தல் வேண்டும். ஆட்டம் ஒன்றே போதும் என்பவருக்கு, அந்த அழுக்கேறிய பேழையே போதும்.