வீரன் யாரைக் காப்பாற்றினான்?

சித்திரக்கதைகள் சிறுவர்க்கு மட்டுமே உரியவை என்று ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே பலர் உளர். 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வெளிவந்த இரும்புக்கை மாயாவியைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்துப் படித்து வளர்ந்தவர்கள் அவ்வாறு கூறமாட்டார்கள். அவர்களுள் யானும் ஒருவன், இன்றும் ரசிகனே. எனவே, அமெரிக்க வீரர் படங்களைப் பற்றிச் சிறிது சொல்ல எனக்கு உரிமை உண்டென்று கருதுகிறேன்.

ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் எனும் இளைஞர் இருவர் படைத்த சூப்பர்மேன் 1938இல் முதன்முதலாக வெளிவந்தான். அம்முதற் கதையில் அவன் செய்தவை யாவை? மரண தண்டனை பெற்ற குற்றமற்ற பெண்ணொருத்தியை மீட்கிறான். மனைவியை அடிக்கும் கணவன் ஒருவனை அடக்குகிறான். உலகை அழிக்க வந்த பகைவன் எவனும் அங்கில்லை. துன்புறுவோரைக் காக்கவே அவனுக்கு ஆற்றல் அளிக்கப்பட்டது.

2013இல் வெளிவந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தில் அதே சூப்பர்மேன் பகைவனின் கழுத்தை முறித்துக் கொல்கிறான். அருகில் நின்ற குடும்பத்தைக் காக்க வேறு வழியில்லை என்பது கதை கூறும் சமாதானம். வேறு வழியில்லாதபடி கதையை அமைத்தவர் யாராம்? அதற்கு முன்பே வானளாவிய கட்டடங்கள் சரிந்து வீழ்கின்றன. அவற்றுள் இருந்தோரைப் பற்றிப் படம் பெரிதும் கவலைப்படவில்லை. 2025இல் ஜேம்ஸ் கன் இயக்கிய 'சூப்பர்மேன்' இதற்கு நேர்மாறானது. பெரும் விலங்குடன் பொருதும்போதே அவன் ஓர் அணிலைத் தூக்கிக் காப்பாற்றுகிறான். அவ்விலங்கையும் உயிருடன் பிடிக்கவே விழைகிறான். அணில் காட்சியைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கோ படத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

'ஜான் விக்' வரிசையில் 2014 முதல் 2023 வரை நான்கு படங்கள் வந்தன. சண்டைக் காட்சிகளின் ஒழுங்கு வியக்கத்தக்கதே. ஆயினும் வீழ்ந்தவர்களுள் ஒருவர் முகமேனும் நம் நினைவில் நிற்பதில்லை. கத்தோலிக்கனாகப் படைக்கப்பட்ட டேர்டெவிலோ, 2015ஆம் ஆண்டுத் தொடரின் தொடக்கத்தில் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குச் சென்று, இனிமேல் செய்யப்போவதற்கு மன்னிப்புக் கேட்கிறான்! முன்பணம் கட்டிப் பாவமன்னிப்புப் பெறும் வசதி திருச்சபையில் இல்லை என்பதை ஒரு குருவானவன் என்ற முறையில் இங்கே தெரிவித்துக்கொள்கிறேன்.

இவை அனைத்தினும் என் மனத்தைத் தொட்டது 2021இல் வெளிவந்த 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்'. 1973ஆம் ஆண்டுச் சித்திரக்கதையில் கிரீன் காப்ளின் என்பவன் ஸ்பைடர்மேனின் காதலி குவெனைப் பாலத்திலிருந்து தள்ளிவிடுகிறான். ஸ்பைடர்மேன் நூலெறிந்து பிடிக்கிறான். அந்த அதிர்ச்சியிலேயே அவள் கழுத்து முறிகிறது. ஆற்றல் இருந்தும் காக்க முடியாமற்போன அக்கதையை வாசகர்கள் மறக்கவில்லை. படத்திலும் அதே காப்ளின்தான் வருகிறான். அவனையும் பிறரையும் அவரவர் உலகுக்குத் திருப்பி அனுப்பினால் சாவர் என்றறிந்த பீட்டர், மே அத்தையின் சொற்படி முதலில் அவர்களைக் குணப்படுத்த முயல்கிறான். அம்முயற்சியின் நடுவே அத்தை காப்ளினால் கொல்லப்படுகிறாள். இறுதியில் காப்ளினின் ஊர்தியையே ஆயுதமாக ஓங்கியவனை, மூத்த ஸ்பைடர்மேன் ஒருவன் குறுக்கே நின்று தடுக்கிறான். கொல்ல ஓங்கிய பீட்டரே பின்னர் அவனுக்கு மருந்தைச் செலுத்துகிறான்.

உலகைக் காக்க, எல்லாரும் தன்னை மறந்துவிடவும் பீட்டர் இசைகிறான். காதலி வேலை செய்யும் கடைக்குச் சென்று, தான் யார் என்பதைக் கூறாமலே, ஒரு காப்பி வாங்கிக்கொண்டு வெளியேறுகிறான்.