பணியிடக் காவல் – 7: அச்சடிக்காத பிரிண்டர்

ஆபத்தை மதிப்பிடும் கணக்கு போன வாரமே முடிந்தது: நடக்கும் வாய்ப்புக்கு 1 முதல் 5, நடந்தால் வரும் பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்க வேண்டும். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் வாசலில் இருக்கும் விசிட்டர் நோட்டைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் டாக்காவில் இருந்த ஒரு பிரிண்டர் என்னைப் பிடித்துக்கொண்டது.

பங்களாதேஷ் வங்கி அந்த நாட்டின் மத்திய வங்கி. அதன் அந்நியச் செலாவணியில் ஒரு பகுதி நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருக்கிறது. பணம் அனுப்பச் சொல்லும் உத்தரவுகள், வங்கிகள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் ‘ஸ்விஃப்ட்’ வலையமைப்பு வழியாகப் போகும். போகிற உத்தரவு, வருகிற பதில் எல்லாவற்றையும் ஸ்விஃப்ட் அறையிலிருந்த பிரிண்டர் இரவு பகலாகத் தானே அச்சடிக்கும். காலையில் வருகிறவர் அந்தத் தாள்களை எடுத்துப் பார்க்க வேண்டும்.

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. காலையில் தட்டில் தாள் இல்லை. பிரிண்டர் மக்கர் பண்ணுவது அங்கே புதிதில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

முந்தின இரவே, வங்கியின் கணினிகளுக்குள் ஊடுருவியிருந்த திருடர்கள் நியூயார்க்குக்கு 35 உத்தரவுகள் அனுப்பியிருந்தார்கள். மொத்தம் சுமார் 95 கோடி டாலர். பிரிண்டரின் வாயைக் கட்டியதும் அவர்கள் புகுத்திய நிரல்தான். சனிக்கிழமை ஒருவழியாகப் பிரிண்டர் ஓடியபோது, உத்தரவுகளைச் சந்தேகித்து நியூயார்க் கேட்டிருந்த கேள்விகள் தாளில் வந்தன. பதறிப்போய்த் தொடர்புகொண்டால் அங்கே வார விடுமுறை.

நாள் குறித்த விதத்தைப் பாருங்கள். டாக்காவில் வெள்ளியும் சனியும் விடுமுறை. நியூயார்க்கில் சனியும் ஞாயிறும். பணம் போய்ச் சேர்ந்த மணிலாவில் திங்கட்கிழமை சீனப் புத்தாண்டு விடுமுறை. மணிலாவில் பணத்தை வாங்கிய கணக்குகள் 2015 மே மாதமே தலா 500 டாலர் போட்டுத் திறக்கப்பட்டு, அதுவரை சும்மா கிடந்தவை.

நல்லவேளையாக, 30 உத்தரவுகள் நிறுத்தப்பட்டன. பெரும்பாலானவை நின்ற காரணம் விசித்திரமானது. மணிலா வங்கிக் கிளை இருந்த தெருவின் பெயர் ஜூபிடர். ஈரான் மீதான அமெரிக்கத் தடைப் பட்டியலில் இருந்த கப்பல் ஒன்றுக்கும் அதே பெயர். மீதி ஐந்தில் இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் திரும்பி வந்தது. மணிலாவுக்குப் போன 8.1 கோடியில் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. மார்ச் 15 அன்று வங்கியின் ஆளுநர் அதியுர் ரஹ்மான் பதவி விலகினார்.

ஃபயர்வால் இல்லை, பத்து டாலர் பெறுமான பழைய ஸ்விட்சுகளை வைத்து ஓட்டினார்கள் என்று பிறகு விசாரணை அதிகாரிகள் சொன்னார்கள். அதெல்லாம் உண்மையான ஓட்டைகள். ஆனால் எனக்குப் பிரிண்டர்தான் முக்கியம். நம் கணக்கில் அதற்கு என்ன மதிப்பெண் கிடைத்திருக்கும்? பழுதாகும் வாய்ப்பு 5, பாதிப்பு 1. பெருக்கினால் 25க்கு 5. ஆபத்துப் பட்டியலின் அடியில் போய்விடும். அதை வெறும் இயந்திரமாக மதிப்பிட்டால் அப்படித்தான் வரும். ஆனால் அந்த அறையில் அது சாட்சி. சாட்சியை அப்புறப்படுத்திவிட்டுத்தான் திருட்டே நடக்கிறது.

கோவைப் பக்கம் ஒரு குடோனிலும் இப்படி ஒரு சாட்சி, அதாவது அலாரம், அணைத்தே கிடந்ததைப் பார்த்தேன். “எலி ஓடினாலே அடிக்குது, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க சார்” என்றார் வாட்ச்மேன். அவரைக் குறை சொல்ல முடியாது. எலியைப் பிடிக்கவும் சென்சாரைத் தள்ளி வைக்கவும் முதலாளி செலவு செய்திருக்க வேண்டும்.

ஆகவே, உங்கள் பட்டியலில் இன்னொரு கட்டம் சேருங்கள்: ‘இது நின்றுபோனால் நமக்கு எது தெரியாமல் போகும்?’ பதில் பெரிதாக இருந்தால், பொருள் எவ்வளவு அற்பமானாலும் அதை மேலே ஏற்றுங்கள். பழுதைப் பார்த்தவர் யாரிடம் சொல்ல வேண்டும், விடுமுறை நாளில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பெயரும் எண்ணும் எழுதி ஒட்டுங்கள்.

விசிட்டர் நோட்டு அடுத்த வாரம். அதற்குள் உங்கள் அலுவலகத்தில் ‘அது எப்பவும் அப்படித்தான்’ என்று விட்டு வைத்திருக்கும் கேமரா, கதவு, அலாரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, திங்கட்கிழமை மேலாளரிடம் கொடுத்துவிடுங்கள்.